ஏலக்காரர் வீட்டு ஒற்றைச் செருப்பு

எழுந்தான். பல் தேய்த்தான். அடுப்பில் தண்ணீர் வைத்தான். அலமாரியிலிருந்து இரண்டு கோப்பைகளை எடுத்தான். ஒன்றைத் திரும்ப வைத்தான். தேநீர் குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான், முன்பக்கம் மட்டும். மேலே கோட்டு வந்துவிடுவதால் பின்பக்கத்தைப் பற்றி இப்போது யாரும் கேட்பதில்லை. கதவைப் பூட்டினான். பூட்டை இழுத்துப் பார்த்தான்.

அவனுடைய துப்பறியும் அலுவலகம் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. உதவியாளர் ஏற்கெனவே வந்திருந்தாள். பெற்றவர்கள் அவளுக்கு அழகான பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். ஆனால் தெருவே அவளை ரேடியோ என்றுதான் கூப்பிட்டது. சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். நிறுத்தும் பொத்தான் மட்டும் கிடையாது.

"சார், அந்தக் கோட்டை மட்டும் கழட்டிடாதீங்க. முதுகுல இருக்கற சுருக்கத்தைப் பாத்தா, மூளையும் இப்படித்தான் கசங்கியிருக்கும்னு வர்றவங்க திரும்பிப் போயிடுவாங்க."

அவன் பதில் சொல்லாததை அவள் ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை. இருவர் பேச வேண்டியதையும் அவளே பேசிவிடுவாள்.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. டக், சளக். டக், சளக்.

"ரெண்டு பேர் வர்றாங்க சார். ஒருத்தர் ஷூ, ஒருத்தர் ரப்பர் செருப்பு."

"ஒருத்தர்தான்" என்றான்.

ஒருவர்தான் வந்தார். ஒரு காலில் முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் கறுப்பு ஷூ. மறு காலில் குளியலறைச் செருப்பு.

"ஒரு கால் விருந்துக்குக் கிளம்பியிருக்கு, இன்னொண்ணு குளிக்கப் போகுது" என்று ரேடியோ முணுமுணுத்தாள்.

"வாங்க, உட்கா—"

"ருங்கன்னு சொல்லப் போறீங்க. உக்காந்துட்டேன். என்ன பிரச்சனைன்னு கேப்பீங்க. திருட்டு. என்ன தொழில்னு கேப்பீங்க. ஏலம். பழைய நாற்காலி, பழைய கடிகாரம், பழைய பியானோ, எதைக் குடுத்தாலும் மூணு தரம் சொல்லி முடிச்சிடுவேன்."

ரேடியோ வாயைப் பிளந்தாள். தன்னை முந்திக்கொண்டு போகிற ஒரு வாயை அவள் இன்றுதான் பார்க்கிறாள்.

ஏலக்காரர் நிறுத்தவில்லை. இடைவெளி விட்டால் விலை விழுந்துவிடும் என்பது அவர் தொழிலின் முதல் பாடம். வீட்டில் பொருட்கள் காணாமல் போகின்றனவாம். முதலில் ஒரு ஷூ. பிறகு இன்னொரு ஜோடியில் ஒன்று. வண்டிச் சாவி. நேற்று, ஏலத்தில் தட்டுகிற மரச் சுத்தியல்.

"ஜோடியா எடுத்திருந்தா திருடன்னாவது மதிப்பேன் சார். ஒத்தை ஷூவை வெச்சுக்கிட்டு எவன் என்ன பண்ணுவான்?"

"வீட்டுல யாரெல்லாம்?"

"நானும் என் வீட்டுக்காரியும். நான் ஏலம் விடற பழைய சோஃபா, நாற்காலிக்கெல்லாம் துணி மாத்தித் தைக்கறவ அவதான். போன மாசம் பக்கவாதம். வலது கை விழுந்துடுச்சு. இப்ப சுவரைப் பிடிச்சு நடக்கறா. ஆனா பேச்சு..." முதல்முறையாக அவர் குரல் இறங்கியது. "அஃபேசியாங்கறார் டாக்டர். மூளையில பேச்சு இருக்கற இடத்துல அடி பட்டுடுச்சாம். என்னைப் பாத்தா ஒரே ஒரு சொல்தான் வருது."

"என்ன சொல்?"

"போ."

ரேடியோ மேசையிலிருந்த தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"தினம் நான் கிளம்பறப்ப முகமெல்லாம் சிவந்து, கையை ஆட்டி, 'போ, போ'ங்கறா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னை 'வாங்க, போங்க'ன்னு தவிர கூப்பிட்டவ இல்ல சார். சண்டை போட்டாக்கூட மரியாதையாத்தான் திட்டுவா. இப்ப தெரு நாயை விரட்டற மாதிரி 'போ'. சரி, பிடிக்கலை. எத்தனை நாள் மூஞ்சியைக் காட்டிட்டு நிக்கறது? மச்சினியை வரச் சொல்லிட்டேன். இன்னிக்குச் சாயங்காலம் அவ ஊருக்கே அழைச்சிட்டுப் போயிடுவா. அதுக்குள்ள திருடனைப் பிடிச்சுக் குடுங்க. ஆளில்லாத வீட்டை அவன் கையில விட்டுட்டு நான் வேலைக்குப் போக முடியாது."

"அவங்க போறதுல உங்களுக்கு—"

"சந்தோஷமான்னு கேக்கறீங்க" என்றார் ஏலக்காரர். குளியலறைச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உங்களுக்குக் கல்யாணம் ஆச்சா சார்?" என்றார்.

"ஆச்சு."

"சாவிதான் போச்சே, அப்ப வீட்டுக்கு பஸ்ஸா ஆட்டோவா?" என்று ரேடியோ சட்டென்று எழுந்தாள்.

*

பஸ் நிறுத்தத்தில் துப்பறிவாளன் ஒரே ஒரு வேலை செய்தான். ஏலக்காரரின் மனைவிக்குப் பேச்சுப் பயிற்சி தருகிற பெண்ணின் எண்ணை அவரிடம் வாங்கிக்கொண்டு, சற்றுத் தள்ளிப் போய்ப் பேசினான்.

"ஓ, அந்த ஏலக்காரர் அனுப்பினாரா?" என்றது மறுமுனை. "வந்த அன்னிக்கு நான் அந்தம்மாவை எத்தனையோ கேள்வி கேட்டேன். எல்லாத்துக்கும் அவரே பதில் சொன்னார். ஒண்ணுகூடத் தப்பில்ல. அவருக்கு அஃபேசியா இல்லைன்னு எழுதிக் குடுத்துடலாம்னு நினைச்சேன்."

"அந்தம்மாவுக்கு நாம சொல்றது புரியுதா?"

"நிதானமா, ஒண்ணொண்ணாச் சொன்னா புரியும். தான் சொல்ல நினைக்கறதும் தெரியும். புத்திக்கு ஒண்ணும் ஆகலை. சொல்லெல்லாம் மாடியில பத்திரமா இருக்கு சார், இறங்கற படிக்கட்டுதான் இடிஞ்சு போச்சு. பாத்துப் பாத்துக் கால் வெச்சு இறங்கணும். அவங்க இறங்கி வர்றதுக்குள்ள வாசல்ல நிக்கறவர் போயிடறார்."

"ஆமா, இல்லைன்னாவது சரியா வருமா?"

"மாறி மாறி வரும். வாயை நம்பாதீங்க. முகத்தைப் பாருங்க, கையைப் பாருங்க."

*

ஏலக்காரர் வீட்டு வரவேற்பறையில் தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது. மச்சினி ஒரு பெட்டியைத் திறந்து வைத்து அக்காவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சோஃபாவின் இடது ஓரத்தில், கைப்பிடியை ஒட்டி, அக்கா உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. இடது கை கைப்பிடித் துணியைத் தடவிக்கொண்டிருந்தது. பக்கத்தில், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், செருப்பு அலமாரி.

"அக்கா! ஆள்... வந்தி... ருக்... காங்க!" என்று மச்சினி உச்சஸ்தாயியில் கத்தினாள்.

"அவங்களுக்குக் காதுக்கு ஒண்ணும் ஆகலீங்க" என்றாள் ரேடியோ. "எனக்குத்தான் இனிமே ஆகும்."

சோஃபாவில் இருந்தவளின் உதட்டோரம் லேசாக அசைந்தது. துப்பறிவாளன் அதைப் பார்த்தான்.

"பால் குடிக்கறியா?" என்றார் ஏலக்காரர்.

"வே..."

"வேணுமாம்!" ஒரே தாவலில் சமையலறைக்குப் போனார். டம்ளரோடு வந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு டம்ளரைத் தள்ளினாள். பால் அவருடைய ஒற்றை ஷூவில் கொட்டியது.

"பாத்தீங்களா? கேக்க வேண்டியது, குடுத்தா தள்ள வேண்டியது. தினம் இதே கூத்து."

துப்பறிவாளன் தொலைக்காட்சியை நிறுத்தினான். அறை பெரிதானது போல இருந்தது. ஒரு முக்காலியை இழுத்து, அவள் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தான். ஒன்றும் கேட்கவில்லை.

ரேடியோவால் அது முடியுமா? தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். "திருடனை இவகிட்டயே கேட்டாச்சு" என்றார் ஏலக்காரர். "மச்சினியா எடுத்தான்னு கேட்டேன், 'ஆமா'ன்னா. பக்கத்து வீட்டுக்காரனா? 'ஆமா'. நானா? அதுக்கும் 'ஆமா'."

"என்னை ஏன் மாமா முதல்ல கேட்டீங்க?" என்றாள் மச்சினி.

"அக்கா" என்றாள் ரேடியோ, "இதோ இருக்காரே எங்க சார், இவர் அழகா?"

"ஆமா."

"இவர் ஒட்டகமா?"

"ஆமா" என்றாள் அவள். சொன்னதும் தோள் குலுங்கச் சிரித்துவிட்டாள். தலையை வேகமாக ஆட்டினாள், இல்லை இல்லை என்பது போல.

"புரிஞ்சுது சார்" என்று ரேடியோ தொடையில் தட்டினாள். "சொல்தான் தப்பா வருது. சிரிப்பு சரியான இடத்துல வருது. அக்கா, வாய் கிடக்கட்டும் விடுங்க. கட்டை விரல் மேல பாத்தா ஆமா, கீழ பாத்தா இல்லை. இவர் ஒட்டகமா?"

இடது கட்டைவிரல் கீழே பார்த்தது. துப்பறிவாளனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு விரல் மெல்ல, மிக மெல்ல, மேலே திரும்பியது.

"எனக்கு இந்த அக்காவைப் பிடிச்சிருக்கு" என்றாள் ரேடியோ.

மச்சினி கையிலிருந்த துணியை மடிக்காமல் நின்றாள். "பக்கவாதம் வந்ததுலேர்ந்து நாங்க யாரும் அவளைச் சிரிக்க வெச்சதே இல்ல" என்றாள், ஏதோ கணக்குத் தப்பியவள் போல.

"செருப்பு எப்பலேர்ந்து காணாம போகுது?" என்றான் துப்பறிவாளன்.

"ரெண்டு வாரமா இருக்—"

"உங்களை இல்ல." அவன் மச்சினியைப் பார்த்தான்.

அவள் யோசித்தாள். "நான் போன தடவை வந்திருந்தப்பதான் முதல் ஷூ. மாமா கிளம்பிட்டார். நான் கடைக்குப் போயிட்டேன். அந்த நேரம் பாத்து கரண்ட் மீட்டர் பாக்க ஒருத்தன் வந்திருக்கான். கதவைத் திறந்த அக்காவுக்கு வாய் வரலை. அவன் செவிடுன்னு நினைச்சுக் கத்தியிருக்கான். நான் வர்றப்ப கதவுக்குப் பின்னாடி நின்னு நடுங்கிட்டிருந்தா. மறுநாள் காலையில மாமாவோட ஷூவைக் காணோம்."

"இதை ஏன் எங்கிட்டச் சொல்லலை?" என்றார் ஏலக்காரர்.

"சொன்னேன் மாமா. 'மீட்டர் பாக்க ஒருத்தன் வந்தான்'னு ஆரம்பிச்சேன். 'பில் ஏறியிருக்கும், நான் பாத்துக்கறேன்'னு நீங்களே முடிச்சுட்டீங்க."

ரேடியோ அவரை ஒரு பார்வை பார்த்தாள். தன் இனத்தில் மூத்தவரைக் கண்ட மரியாதையும் கொஞ்சம் பயமும் அதில் இருந்தன.

துப்பறிவாளன் எழுந்து சோஃபாவைச் சுற்றி வந்தான். வலது கைப்பிடியின் வெளிப்பக்கத் துணி சின்ன ஆணிகளால் வரிசையாக அடிக்கப்பட்டிருந்தது. நூல் பிடித்தது போன்ற வரிசை. இடது கைப்பிடியில் ஆணிகள் இல்லை. கொண்டை ஊசிகள் குத்தியிருந்தன. அதே நேர்த்திதான், ஆனால் ஒவ்வொரு ஊசியும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. வலது கைக்காரர் ஒருவர் இடது கையால் குத்தினால் அப்படித்தான் சாயும்.

திரும்ப வந்து அவள் முன்னால் உட்கார்ந்தான்.

"ஒத்தைச் செருப்பை எந்தத் திருடன் எடுப்பான்னு கேட்டார் உங்க வீட்டுக்காரர். ஒத்தைக் கையால எடுக்கறவங்க எடுப்பாங்க." அவன் நிறுத்தினான். அது அவளைச் சென்று சேரும்வரை இருந்தான். "கைப்பிடிக்குள்ள நான் பாக்கலாமா?"

"பாக்கலாம்னு—" என்றார் ஏலக்காரர்.

"ஷ்!" என்றாள் ரேடியோ.

நேரம் போனது. அவள் முகத்தில் பயம் வந்தது, போனது, பிறகு தப்புப் பண்ணி மாட்டிக்கொண்ட பெண்ணின் அசட்டுச் சிரிப்பு ஒன்று வந்தது. கட்டைவிரல் மேலே பார்த்தது.

ஊசிகளை எடுத்தான். துணி விலகியது. சோஃபாவின் கைப்பிடிக்குள் ஒரு பொந்து இருக்கிறது என்பது அதில் உட்காருகிறவர்களுக்குத் தெரியாது, தைக்கிறவர்களுக்குத் தெரியும். ரேடியோ கையை விட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

"முதல் சரக்கு! பழுப்பு நிற ஷூ, ஒரே ஒரு கால் உள்ள கனவானுக்கு ஏற்றது! அடுத்து கறுப்பு ஷூ! வண்டிச் சாவி! கடைசியா, ஏல உலகமே தேடற மரச் சுத்தியல்!" அவள் சுத்தியலால் தரையில் தட்டினாள். "ஒருதரம்..."

"ரெண்டுதரம், மூணுதரம்!" என்றது ஒரு குரல். கணீரென்று, தடங்கலே இல்லாமல்.

எல்லோரும் சோஃபாவைப் பார்த்தார்கள். சோஃபாவில் இருந்தவளும் யார் பேசியது என்பது போல விழித்தாள்.

"பேசறா! பேச்சு வந்துடுச்சு!" ஏலக்காரர் துள்ளினார்.

"வரலை" என்றான் துப்பறிவாளன். "எண்ணிக்கை, பாட்டு, தினம் கேட்டுக் கேட்டு ஊறிப்போன வாசகம், இதெல்லாம் சில சமயம் படிக்கட்டு இல்லாமலே வந்துடும். யோசிச்சுச் சொல்றதுதான் கஷ்டம்."

"உங்க கூச்சல்தான் அக்கா தலையில பசை போட்டு ஒட்டியிருக்கு" என்றாள் ரேடியோ. "பெருமையா வருத்தமா, நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

ஏலக்காரர் அந்த ஷூக்களைக் கையில் எடுத்துப் பார்த்தார். துள்ளல் போய்விட்டது. "ஆக, இவதான். என்னை அலைக்கழிக்கத்தான் இதெல்லாம். ஒரு பக்கம் 'போ'ங்கறது, இன்னொரு பக்கம் செருப்பை ஒளிக்கறது. அவ்வளவு வெறுப்பு." மச்சினியைப் பார்த்தார். "பெட்டியை மூடும்மா."

மச்சினி பெட்டியின் மூடியைத் தொட்டாள். சோஃபாவில் இருந்தவளின் இடது கை அந்தரத்தில் நின்றது.

"போகச் சொல்றவங்க" என்றான் துப்பறிவாளன், "செருப்பை எடுத்து முன்னால வெப்பாங்க."

ஏலக்காரர் வாயைத் திறந்தார். அந்த வாக்கியத்தை அவரால் முடிக்க முடியவில்லை.

"பால் விஷயத்துக்கு வாங்க. 'வே'ன்னாங்க. நீங்க 'வேணுமாம்'னு ஓடிட்டீங்க. வேணாம்ங்கறதுக்கும் அதே 'வே'தான். தெரியும், தெரியாது. பிடிக்கும், பிடிக்காது. நம்ம பேச்சுல மறுக்கறது எல்லாம் கடைசியிலதான் இருக்கு. நீங்க முதல் எழுத்திலேயே சுத்தியலைத் தட்டிடறீங்க."

துப்பறிவாளன் இவ்வளவு நீளமாகப் பேசி ரேடியோ கேட்டதில்லை.

"ஏலத்துல ஒருத்தன் விரலைத் தூக்கினாலே எனக்குப் போதும் சார்" என்றார் ஏலக்காரர். "புருவம் அசைஞ்சாலே விலை சொல்லிடுவேன். அதுதான் என் சாமர்த்தியம்."

"அது வாங்க வந்தவங்ககிட்ட."

"அப்ப தினம் அவ என்னதான் சொல்றா?"

"எனக்கு எப்படித் தெரியும்? அவங்களைக் கேளுங்க. தினம் கிளம்பற மாதிரியே கிளம்புங்க. ஒரே ஒரு மாற்றம். அவங்க முடிக்கிற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"எவ்வளவு நேரம்?"

"அவங்களுக்கு எவ்வளவு ஆகுமோ அவ்வளவு."

"திறந்தா மூணாவது தரம் உங்க தலையிலதான்" என்று ரேடியோ சுத்தியலோடு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

ஏலக்காரர் குளியலறைச் செருப்பைக் கழற்றினார். இரண்டு கால்களிலும் கறுப்பு ஷூவைப் போட்டுக்கொண்டார். வண்டிச் சாவியை எடுத்தார். கதவருகே போய்த் திரும்பினார். இதுவரை எத்தனையோ ஆயிரம் பேர் முன்னால் நின்று கூவியவர். இப்போது அவருக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"வரட்டுமா?" என்றார்.

அவள் முகம் சிவந்தது. இடது கை மேலே எழுந்து ஆடியது.

"போ..."

ஏலக்காரரின் உதடு துடித்தது. ரேடியோ சுத்தியலைத் தூக்கினாள். உதடு அடங்கியது.

"போ... போ..."

சமையலறையில் குழாய் சொட்டுவது கேட்டது. மச்சினி "அக்கா, மெதுவா..." என்று ஆரம்பித்து, தானே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் உதவவில்லை. துப்பறிவாளன் முக்காலியில் அசையாமல் இருந்தான். காத்திருப்பது அவனுக்குக் கஷ்டமில்லை. வீட்டிலும் அவன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். இங்கே ஒரு வித்தியாசம், எதிரே சொல்வதற்கு ஒருத்தி இருந்தாள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இடது கையால் தன் தொடையில் தட்டினாள். இருட்டில் படி இறங்குகிறவள் அடுத்த படியைக் காலால் தேடுவது போல, ஒரு தட்டு. பிறகு இன்னொன்று.

"போ... கா..."

ஏலக்காரரின் கையிலிருந்து சாவி விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. ரேடியோவின் கையில் சுத்தியல் எப்போதோ கீழே இறங்கியிருந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். அவரை நேராகப் பார்த்தாள். மூன்றாவது முறை தொடையில் தட்டினாள்.

"போ... கா... தீங்க."